காலி சீட் இருந்தால் மட்டும்

1

போன வாரம் ஏர்போர்ட் பெல்ட் ஓரமாக நின்று பெட்டிகளைத் தள்ளிக்கொண்டிருந்தபோது சூப்பர்வைசர் வந்து என் தோளில் கை வைத்தார். "பிரதர், உன் லீவ் வந்துவிட்டதே, எப்போது ஊருக்குப் போகிறாய்?" என்று ஆங்கிலத்தில் கேட்டார். சிரித்துக்கொண்டேதான் கேட்டார். எனக்கு அந்தக் கேள்வியே பிடிக்கவில்லை.

"சொல்றேன் சார்" என்று மட்டும் சொன்னேன்.

ஊரில் இருந்து இதைப் படிக்கிறவர்களுக்கு வேடிக்கையாக இருக்கும். வளைகுடாவில் கிடக்கிறவன் லீவ் என்றால் குதிக்க வேண்டாமா? நானும் ஒரு காலத்தில் குதித்தவன்தான். இப்போது எங்கள் கம்பெனியில் யாரும் குதிப்பதில்லை. ஏன் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன். நாலு பேர் கூடினால் தூணுக்குப் பின்னால் போய் நிற்கிற ஆள் நான். பேசச் சொன்னால் வராது. எழுதினால் கொஞ்சம் வருகிறது.

நான் ஒரு விமானக் கம்பெனியில் லோடர். விமானத்தின் வயிற்றுக்குள் குனிந்து போய்ப் பெட்டிகளை அடுக்குவதும் இறக்குவதும் வேலை. பன்னிரண்டாம் வகுப்போடு படிப்பு நின்றுவிட்டது. மனைவி கலாவும் மகள் வைஷ்ணவியும் ஸ்ரீரங்கத்தில், அடையவளஞ்சான் வீதியில் ஒரு மாடி போர்ஷனில் வாடகைக்கு இருக்கிறார்கள். தினமும் ஒரு திருச்சி விமானம் வருகிறது, ஒன்று போகிறது. திருச்சிப் பெட்டிகளை நான் பார்க்காமலே சொல்லிவிடுவேன். முறுக்கு வாசனை இருக்கும். எங்காவது ஒரு மாவடு ஜாடி கசிந்திருக்கும். பெட்டியின் மேல் மார்க்கரால் பெயர், ஊர், தெரு எல்லாம் கொட்டை எழுத்தில் இருக்கும். ஒருமுறை ஜீயபுரம் என்று எழுதிய பெட்டி ஒன்று வந்தது. என் அப்பாவின் ஊர் அது. பெட்டியைக் கொஞ்சம் மெதுவாக இறக்கி வைத்தேன். வேறென்ன செய்ய முடியும்?

வைஷ்ணவிக்கு இந்த மாதத்தோடு கல்லூரி முடிகிறது. பெங்களூரில் வேலை கிடைத்துவிட்டது. "வர்றதா இருந்தா இப்பவே வாங்கப்பா. அப்புறம் நான் ஊர்ல இருக்க மாட்டேன்" என்று போனில் சொன்னாள். அவள் பிறந்ததிலிருந்து நான் அவளோடு ஒரே வீட்டில் இருந்ததை எல்லாம் சேர்த்து ஒட்டினாலும் பெரிதாக எதுவும் வராது. இந்த லீவை விட்டால் இனி அவளும் என்னைப் போல லீவுக்கு வீட்டுக்கு வருகிற ஆள்தான்.

போகலாமா வேண்டாமா என்பதுதான் இப்போது என் முன்னால் இருக்கிற கேள்வி. பதில் சொல்வதற்கு முன்னால் போன வருடம் நடந்ததைச் சொல்ல வேண்டும்.

2

கம்பெனியில் ஆள் குறைக்கப் போகிறார்கள் என்ற பேச்சு கிளம்பி ரொம்ப நாளாகிறது. லோடர் வேலையை எல்லாம் வெளி காண்ட்ராக்டுக்குக் கொடுக்கப் போகிறார்கள் என்றார்கள். முதலில் குளிர்ந்த தண்ணீர் மெஷினைத் தூக்கினார்கள். பிறகு நாங்கள் தங்கியிருக்கிற கேம்ப்பிலிருந்து வருகிற பஸ்களில் ஒன்றை நிறுத்தினார்கள். பிறகு கேன்டீனில் முழு முட்டை பாதி முட்டையானது.

என்னோடு அறையில் இருந்தவர் ஜமால். பாலக்கரைக்காரர், என்னைவிட வயதில் மூத்தவர், வாய் ஓயாதவர். பாதி முட்டையைத் தட்டில் உருட்டிக்கொண்டே சொன்னார்.

"முட்டையைப் பாதியாக்கிட்டான்னா அடுத்து ஆளைப் பாதியாக்குவான். எழுதி வெச்சுக்க."

பிறகு எங்கள் எல்லோரையும் விமானம் நிறுத்துகிற ஹேங்கருக்குக் கூப்பிட்டு ஒரு பெரிய அதிகாரி மைக்கில் பேசினார். யாரையும் அனுப்ப மாட்டோம், வதந்தியை நம்பாதீர்கள், நாம் எல்லோரும் ஒரே குடும்பம் என்றார். கேள்வி இருந்தால் கேட்கலாம் என்றார். எனக்கு ஒரு கேள்வி இருந்தது. அதை வைத்துக்கொண்டு தூணோரம் நகர்ந்து நின்றேன். பக்கத்தில் நின்ற ஜமால் என் காதில் சொன்னார்.

"குடும்பம்னு சொல்றான் பாரு, இனிமேதான் உஷாரா இருக்கணும். குடும்பத்துலதான்யா பாகம் பிரிப்பாங்க."

அதற்குப் பிறகு ஆட்கள் குறைய ஆரம்பித்தார்கள். கண்ணெதிரே யாரையும் போகச் சொல்லவில்லை. லீவுக்குப் போனவர்கள் திரும்பவில்லை, அவ்வளவுதான். மணப்பாறை மகேந்திரன் எங்கள் ஷிஃப்டில் இருந்தவன். ஊரில் அம்மாவுக்கு உடம்பு சரியில்லை, இன்னும் ஒரு வாரம் வேண்டும் என்று போனில் கேட்டான். "பரவாயில்லை, பார்த்துவிட்டு வா" என்று மேலிடத்தில் யாரோ வாயால் சொன்னார்கள். ஒரு வாரம் கழித்துத் திரும்பி வந்து வருகையைப் பதிகிற வாசல் மெஷினில் கார்டை வைத்தான். சிவப்பு விளக்கு எரிந்தது, கதவு திறக்கவில்லை. சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிட்டான் என்று அவன் மேல் எழுதியிருந்தார்கள். பரவாயில்லை என்று சொன்னது யார் என்று கேட்டால் யாருமே இல்லை.

லீவில் இருப்பவனை வேலையை விட்டு எடுப்பது சுலபம். அவன் முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை. அதனால் எங்களுக்குள் ஒரு வழக்கம் வந்தது. யார் என்ன இனிப்பாகச் சொன்னாலும் குறித்த தேதியில் திரும்பி வந்து கார்டை மெஷினில் வைத்துவிட வேண்டும். பச்சை எரிவதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் லீவ் முடிந்ததாகக் கணக்கு.

3

இங்கே ஸ்டாஃப் டிக்கெட் என்றால் என்ன என்று சொல்லிவிடுகிறேன். கம்பெனி ஆட்களுக்கு வருடம் ஒரு முறை ஊருக்குப் போய்வர டிக்கெட் உண்டு. ஆனால் சீட் நிச்சயம் கிடையாது. விமானத்தில் காலி சீட் இருந்தால் உட்காரலாம். இல்லாவிட்டால் மறுநாள் வந்து பார்க்க வேண்டும். கவுண்டர் மூடும்வரை ஓரமாக நிற்க வேண்டும். பயணிகள் முன்னால் சத்தம் போடக் கூடாது. நல்ல சட்டை, பேண்ட், ஷூ போட்டிருக்க வேண்டும். ஓரமாக நிற்பதும் சத்தம் போடாமல் இருப்பதும் எனக்குப் பிறவியிலேயே வரும் என்பதால் அதில் கஷ்டமில்லை.

போன வருடம் லீவ் முடிந்து கிளம்பியபோது பள்ளிக்கூட விடுமுறை முடிகிற சமயம். குடும்பம் குடும்பமாக எல்லோரும் திரும்பிக்கொண்டிருந்தார்கள். காசு கொடுத்து வாங்கலாம் என்றாலும் டிக்கெட் இல்லை. சென்னையிலிருந்தும் அதே கதைதான் என்று ஏஜென்ட் கையை விரித்துவிட்டார். எதற்கும் இருக்கட்டும் என்று கிளம்ப வேண்டிய தேதிக்கு இரண்டு நாள் முன்னதாகவே கிளம்பினேன்.

முதல் நாள் முழு மரியாதையோடு வழியனுப்பினார்கள். காலையில் தாயார் சன்னதிக்குப் போய் வந்தோம். கலா புளியோதரை கட்டினாள். கீழ்வீட்டு வேதா மாமி, வீட்டுச் சொந்தக்காரர், வாசலில் வந்து நின்று "க்ஷேமமா போயிட்டு வாங்கோ" என்றார். மச்சான் சேகர் எங்கிருந்தோ ஒரு காரைக் கொண்டுவந்தான். காவிரிப் பாலத்தைத் தாண்டும்போது கலா அழ ஆரம்பித்தாள். டோல்கேட் வரைக்கும் அழுதாள். கோபுரம் மாதிரி வண்ணம் பூசிய புது ஏர்போர்ட் கட்டடத்தின் முன்னால் நின்று வைஷ்ணவி எங்களைச் சேர்த்துப் போட்டோ எடுத்தாள்.

சீட் இல்லை.

கவுண்டரில் இருந்த பெண் தலையை லேசாக அசைத்தாள். நான் பெட்டியை இழுத்துக்கொண்டு வெளியே வந்தேன். நல்லவேளை, கார் இன்னும் போகவில்லை. என்னைப் பார்த்ததும் கலா அழுத கண்ணோடேயே சிரித்துவிட்டாள்.

"நல்லவேளை, வீடு கூட்டாம வந்தேன்" என்றாள். வெளியூர் கிளம்பியவர் போய்ச் சேரும்வரை வீட்டைக் கூட்டக் கூடாது என்பது அவள் அம்மா வீட்டு வழக்கம்.

வாசலில் வேதா மாமி பூ தொடுத்துக்கொண்டிருந்தார். "என்ன, பெருமாள் விடமாட்டேங்கறாரா?" என்று கேட்டார். "ஆமா மாமி" என்று தலையைக் குனிந்துகொண்டு மாடியேறினேன்.

ஹாலில் என் கட்டில் மேல் வைஷ்ணவியின் புத்தகங்கள், லேப்டாப், சார்ஜர் எல்லாம் பரப்பியிருந்தன. நான் கிளம்பும் அவசரத்துக்கு நடுவிலேயே எடுத்து வைத்திருக்கிறாள். நான் ஊருக்கு வரும்போது மட்டும் அது கட்டில். மற்ற நாட்களில் அவளுக்கு மேசை. அவள் முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. ஓடிப்போய் எல்லாவற்றையும் வாரி எடுத்தாள்.

"இருக்கட்டும்மா, நீ படி."

"இல்லப்பா, நீங்க படுங்க. நான் கீழ உக்காந்துக்கறேன்."

பயணத்துக்குக் கட்டிய புளியோதரையை மூன்று பேரும் தரையில் உட்கார்ந்து சாப்பிட்டோம். சாயங்காலம் அம்மா மண்டபம் படித்துறைக்குப் போய் ஆற்றைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். அந்த ஒரு நாள் யாரும் கணக்கில் வைக்காத நாள். நன்றாகத்தான் இருந்தது.

4

மறுநாள் சேகர் பைக்கில் கொண்டுபோய் விட்டான். பெட்டியை எங்கள் இருவருக்கும் நடுவில் வைத்துக்கொண்டேன். கலா வாசல்வரை வந்தாள். அழவில்லை. டிபன் பாக்ஸில் மூன்று இட்லி இருந்தது.

அன்றைக்கும் சீட் இல்லை.

திரும்பி வரும்போது சேகர் சும்மா வரவில்லை. "என்ன மாமா இது, பஸ் ஸ்டாண்டுல துண்டு போட்டு இடம் புடிக்கற மாதிரி இருக்கு. இவ்ளோ பெரிய கம்பெனி, சொந்த ஆளுக்கு ஒரு சீட் குடுக்கக் கூடாதா?" என்றான். அவன் கேட்டது சரிதானே.

வேதா மாமி அன்று எதுவும் கேட்கவில்லை. அது கேட்டதைவிட மோசமாக இருந்தது.

சூப்பர்வைசருக்கு போன் செய்தேன். என் ஆங்கிலம் நேரில் ஓரளவு நடக்கும். போனில் நொண்டும். சீட் இல்லை, நாளைக்கும் கிடைக்காவிட்டால் என்ன செய்வது என்று எப்படியோ சொல்லி முடித்தேன். "நோ ப்ராப்ளம் பிரதர். டென்ஷன் வேண்டாம். நாலு நாள் கழித்து மெதுவாக வா. நான் பார்த்துக்கொள்கிறேன்" என்றார். ஸ்பீக்கரில் போட்டிருந்ததால் கலாவும் கேட்டாள். அவள் முகம் மலர்ந்துவிட்டது.

உடனே ஜமாலைக் கூப்பிட்டேன்.

"மெதுவா வான்னு சொன்னானா?" என்றார். "மகேந்திரன்ட்டயும் இதேதான்யா சொன்னாங்க. தொங்கிக்கிட்டாவது வந்து சேரு."

போனை வைத்ததும் கலா ஆரம்பித்தாள்.

"அவருதான் சொல்லிட்டாரே, நாலு நாள் கழிச்சு வாங்கன்னு. நம்புங்களேன்."

"நம்பினவன்தான் இப்ப மணப்பாறையில உக்காந்திருக்கான்."

"எல்லாரும் அப்படியே இருப்பாங்களா? அந்த மனுஷன் நல்லவரா இருக்கக் கூடாதா?"

"இருக்கலாம். யாருக்குத் தெரியும்?"

"அப்ப நாலு நாளும் கொடுத்து வெக்கல. சரி, போகலன்னா என்ன ஆயிடும்? அதச் சொல்லுங்க."

வைஷ்ணவி உள்ளே இருந்தாள். இந்த வயதில், இந்தப் படிப்பில், திருச்சியில் என்னை எந்த வேலைக்குக் கூப்பிடுவார்கள்? சட்டையைக் கழற்றி அவள் கையில் கொடுத்தேன். நாளைக்கும் அதேதான், நல்ல சட்டை ஒன்றுதான் வெளியே இருந்தது. வாங்கிக்கொண்டு துவைக்கப் போனாள்.

எனக்கு வேலை போவது புதிதில்லை. கல்யாணத்துக்கு முன்னால் துவாக்குடி பக்கம் ஒரு பட்டறையில் இருந்தேன். கைலாசபுரத்துப் பெரிய தொழிற்சாலைக்குச் சின்னச் சின்ன இரும்பு வேலை செய்து கொடுக்கிற இடம். ஆர்டர் குறைந்தது. ஒரு நாள் முதலாளி எங்கள் எல்லோரையும் உட்கார வைத்து டீயும் வடையும் வாங்கி வரச் சொன்னார். "இனிமே ஓட்ட முடியாதுப்பா. சொல்ல வாய் வரல, ஆனா நான்தான சொல்லணும்" என்றார். அவர் மூஞ்சிக்கு நேராகவே திட்டினோம். தலையைக் குனிந்துகொண்டு கேட்டுக்கொண்டார். திட்டி முடித்ததும் ஆறிப்போன டீயைக் குடித்துவிட்டு எழுந்தோம். வேலை போனதில் மாற்றமில்லை. ஆனால் அன்று ராத்திரி தூக்கம் வந்தது. போய்விட்டது என்று தெரிந்துவிட்டால் தூங்கலாம்.

5

மூன்றாவது நாள்தான் கடைசி நாள். மறுநாள் காலை ஷிஃப்டில் நான் கார்டை வைத்தாக வேண்டும்.

வைஷ்ணவிக்குக் கல்லூரியில் டெஸ்ட். பையை மாட்டிக்கொண்டு ஸ்கூட்டியை எடுக்க இறங்கியவள் படியிலிருந்தே குரல் கொடுத்தாள்.

"பை அப்பா, சாயங்காலம் பாக்கலாம்!"

"சரிம்மா" என்றேன்.

கலா மாடிப்படியைக் கூட்டிக்கொண்டிருந்தாள். நான் கூட்டாதே என்று சொல்லவில்லை. அவளுக்கும் தோன்றவில்லை. துடைப்பத்தை ஒதுக்கிப் பிடித்து வழி விட்டாள். "போயிட்டு வாங்க" என்றாள். கடைக்குப் போகிறவனிடம் சொல்வது போல. டிபன் பாக்ஸ் இல்லை. நானும் கேட்கவில்லை. டவுன் பஸ் பிடித்துச் சத்திரம் வந்து, அங்கிருந்து புதுக்கோட்டை ரோடு பக்கம் போகிற இன்னொரு பஸ்ஸில் ஏறி ஏர்போர்ட் போனேன். பெட்டியை இடித்த ஒருவர் "ஃபாரினா?" என்று கேட்டார். "ம்" என்றேன்.

கவுண்டர் பெண்ணுக்கு இப்போது என்னை நன்றாகத் தெரியும். நான் தூணோரம் போய் நின்றேன். கூட்டம் குறைந்த பிறகு அவளே கை காட்டிக் கூப்பிட்டாள். காலி சீட் இருக்கிறதோ என்று வேகமாகப் போனேன்.

"சார், ஒண்ணு கேக்கலாமா?" என்றாள் தணிந்த குரலில். "எங்க கவுண்டர் வேலையையும் வேற கம்பெனிக்கு மாத்தப் போறாங்களாம். அங்க தலைமை ஆபீஸ் பக்கத்துலயே இருக்கீங்களே, உங்களுக்கு ஏதாவது தெரியுமா?"

"எனக்கு எதுவும் தெரியாதும்மா. நான் லோடர்."

"இங்க கேட்டா எல்லாரும் ஒரு குடும்பம்ங்கறாங்க சார்."

எனக்கு ஜமாலின் பேச்சு ஞாபகம் வந்தது. அதை அவளிடம் சொல்லவில்லை. புதிதாகக் கல்யாணம் ஆனவள் போலிருந்தாள்.

கவுண்டர் மூடப் போகும் நேரம் அவள் போன் அடித்தது. பேசிவிட்டு என்னைப் பார்த்தாள். இமிக்ரேஷனில் ஒரு பயணியின் பேப்பரில் ஏதோ கோளாறு. அவரை நிறுத்திவிட்டார்கள். ஒரு சீட் காலி.

"சீக்கிரம் சார், சீக்கிரம்!"

விமானத்தில் ஜன்னல் ஓரம். அந்தப் பயணிக்கு ஒதுக்கிய சீட்டாகத்தான் இருந்திருக்கும். ஆள் வராவிட்டால் அவர் பெட்டியும் வரக் கூடாது. ஏற்றிய பெட்டிகளுக்குள் தேடி அதை மட்டும் இறக்க வேண்டும். அந்த வேலை எவ்வளவு எரிச்சல் என்று எனக்குத் தெரியும். கீழே இரண்டு லோடர்கள் தலையை விமானத்தின் வயிற்றுக்குள் விட்டுத் தேடிக்கொண்டிருந்தார்கள். கடைசியில் மஞ்சள் கயிறு கட்டிய ஒரு பெட்டியை வெளியே இழுத்தார்கள். மேலே கொட்டை எழுத்தில் ஏதோ ஊர்ப் பெயர் இருந்தது. படிக்க முடியவில்லை. படிக்கவும் பிடிக்கவில்லை.

கலாவுக்கு போன் செய்தேன்.

"எங்க இருக்கீங்க? பஸ் ஏறிட்டீங்களா?"

"சீட் கிடைச்சுடுச்சு."

குக்கர் விசில் கேட்டது. ஒன்று. பிறகு இன்னொன்று.

"உங்களுக்கும் சேத்துல்ல வெச்சுட்டேன்" என்றாள்.

பணிப்பெண் வந்து போனை அணைக்கச் சொன்னாள்.

6

மறுநாள் காலை கார்டை வைத்தேன். பச்சை எரிந்தது. உள்ளே சூப்பர்வைசர் என்னைப் பார்த்து ஆச்சரியப்பட்டார். "ஏன் பிரதர் இவ்வளவு அவசரம்? நாலு நாள் கழித்து வா என்றேனே. உனக்கு மாற்று ஆள்கூடப் போட்டுவிட்டேன்" என்றார். உண்மையிலேயே போட்டிருந்தார். அந்தப் பையன் அங்கே நின்றுகொண்டிருந்தான். அது என்னை லீவில் இருக்க விடுவதற்கா, அப்படியே என் இடத்தில் வைத்துக்கொள்வதற்கா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அவர் முகத்தைப் பார்க்கும்போதெல்லாம் இதுதான் ஞாபகம் வருகிறது. நல்ல மனிதராகவே இருந்தால் அவருக்கு நான் செய்கிற அநியாயம் இது. கேட்கவும் வாய் வரவில்லை.

கலாவிடம் அன்று ராத்திரி பேசினேன். வைஷ்ணவி சாயங்காலம் வந்து கட்டிலைப் பார்த்துவிட்டு, "அப்பா இன்னும் வரலையா?" என்று கேட்டாளாம். விஷயத்தைச் சொன்னதும் போய் முகம் கழுவிக்கொண்டு வந்தாளாம். அன்றைக்குப் புத்தகத்தைக் கட்டிலில் வைக்காமல் தரையில் உட்கார்ந்தே படித்தாளாம்.

ஊரில் மழைக்காலமாக இருந்தபோது இங்கே ஒரு பெரிய ஆள் குறைப்பு நடந்தது. அதில் ஜமால் போனார். லீவே போடாதவர். தம்பி மகள் நிக்காவுக்குக்கூடப் போகாமல் இங்கேயே இருந்து தினமும் கார்டை வைத்தவர். ஒரு காலையில் அவருக்குச் சிவப்பு எரிந்தது. நான் பின்னால் வரிசையில் நின்றிருந்தேன். இன்னொரு முறை வைத்துப் பார்த்தார். சட்டையில் துடைத்துவிட்டு மறுபடியும் வைத்தார். பிறகு திரும்பி என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"நிக்கா பிரியாணியாவது சாப்டிருக்கலாம்யா" என்றார்.

லீவ் போட்டாலும் போடாவிட்டாலும் ஒன்றுதான் என்று அன்றைக்கே எனக்குப் புரிந்திருக்க வேண்டும். புரியத்தான் செய்தது. அவர் கட்டில் இன்னும் என் எதிரே காலியாகக் கிடக்கிறது. பார்க்கும்போதெல்லாம் புரிகிறது. ஆனாலும் சூப்பர்வைசர் தோளில் கை வைத்து லீவ் என்றதும் உள்ளே ஏதோ ஒன்று கதவைச் சாத்திக்கொண்டுவிட்டது.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே, நேற்று அவரிடம் சொல்லிவிட்டேன். "இந்த வருடம் வேண்டாம் சார். அப்புறம் பார்க்கலாம்."

"நோ ப்ராப்ளம்" என்றார். அதையும் நேற்றிலிருந்து திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

இன்று மதியம் திருச்சி விமானத்தில் பெட்டிகளை ஏற்றி முடித்த பிறகு வீட்டுக்கு போன் செய்தேன். வைஷ்ணவி பெங்களூருக்குச் சாமான் வாங்க வெளியே போயிருந்தாள். கலாவிடம் விஷயத்தைச் சொன்னேன். அடுத்த வருடம் கட்டாயம் வருகிறேன், ஒருவேளை நடுவிலேயே வந்தாலும் வருவேன், இங்கே நிலைமை எப்படி என்று பார்த்துக்கொண்டு சொல்கிறேன் என்று சொல்லிக்கொண்டே போனேன். நான் நிறுத்திய பிறகு பேசினாள்.

"சரிங்க. வந்தாலும் சரி, வரலன்னாலும் சரி. அரிசி போடறதுக்கு முன்னாடி சொல்லிடுங்க."